இழுக்காத மூச்சு

பிப்ரவரி 9

மகளுக்கு,

எனக்குத் தெரியாமல் என் சைட் இன்ஜினியருக்குப் போன் போட்டு, என்னைக் கிரேன் கேபினிலிருந்து கீழே இறக்கிவிட்டாய். நீ செய்த தப்பு இதுதான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

நடந்ததை நானே எழுதுகிறேன். நீ உன் அம்மா சொல்லிக் கேட்டவள். உன் அம்மா நான் சொல்லிக் கேட்டவள். மேலே இருந்தது நான் ஒருவன்தான். கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. கேபின் கண்ணாடியில் வெயில் சுள்ளென்று விழுந்தது. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல்கள் மரத்துப்போய் ஊசி குத்தின மாதிரி ஆனது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே போகவில்லை. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நிலையிலும் கம்பிக்கட்டை ஆடவிடாமல், சிக்னல்காரன் காட்டிய இடத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் லீவரிலிருந்து கையை எடுத்தேன். கீழே நின்ற ஒருவனுக்கும் தெரியாது. சிக்னல்காரனுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம். "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று வாக்கி டாக்கியில் கேட்டான். "ஆமாடா, கனவுல நீதான் வந்தே" என்று பதில் சொன்னேன். புத்தி கலங்கினவன் பேசுகிற பேச்சா இது?

அதன் பிறகு முடிவெட்டும் கடையில் ஒரு தடவை, பாதி முகத்தில் சோப்போடு. வீட்டில் ஒரு தடவை. நீ சொன்னாய் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சில் எதையெதையோ ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இது பீதிக் கோளாறு என்றார்கள். பீதி என்றால் பயம். நீ பிறப்பதற்கு முன்பிருந்து உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்குப் பயமாம். யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்து நான் கிரேன் ஓட்டவில்லை. கீழே நின்று, மேலே இருந்தவன் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இதை என்னிடம் நீ பேசியிருக்கலாம். பேசவில்லை. நேராக இன்ஜினியரிடம் போய்விட்டாய். இப்போது எனக்கு ஸ்டோரில் வேலை. காலையில் வருகிறவனுக்கெல்லாம் ஹெல்மெட்டும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன், சாயங்காலம் திரும்ப வாங்கி வைக்கிறேன். வியர்வை நாற்றத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே என் கிரேனை வேறொருவன் ஓட்டுவதைப் பார்க்கிறேன். அவன் பாரத்தைத் தொட்டில் மாதிரி ஆட்டுகிறான்.

இனி உன்னோடு போனில் பேசமாட்டேன். போன்தான் என் சோற்றில் மண்ணைப் போட்டது. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

அப்பா

பிப்ரவரி 15

அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுக்கவே இல்லை. அம்மாதான் எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறீர்கள். சரி, எழுதுகிறேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மூச்சு முட்டுகிறது என்று கூப்பிடுகிறவர்களிடம் பேசுகிறேன். மேலேயிருந்து பொருள் விழுந்து நசுங்கியவர்களுக்காகக் கூப்பிடுகிறவர்களிடமும் பேசுகிறேன். உங்களுக்குக் கேபினில் அப்படி ஆனது என்று அம்மா சொன்னபோது, இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் என் காதில் கேட்டன. நீங்கள் அன்றைக்குக் கம்பிக்கட்டைப் பத்திரமாக இறக்கிவிட்டீர்கள். அடுத்த தடவையும் இறக்குவீர்கள் என்று யார் சொல்ல முடியும்? கீழே நிற்பவர்களுக்கும் வீடு இருக்கிறது.

போன் செய்ததற்காக நான் வருத்தப்படவில்லை. உங்களிடம் சொல்லாமல் செய்ததற்காக... இந்த வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். சொன்னால் நீங்கள் தடுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். உங்களைப் பார்த்த டாக்டரிடம் கேட்டுத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிற மூச்சுப் பயிற்சி. மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய குழாயை மாட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் வெளியே விடுகிற காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று அது அளந்து திரையில் எண்ணாகக் காட்டும். ஒரு சத்தம் வரும். அது ஏறும்போது மூச்சை உள்ளே வாங்க வேண்டும், இறங்கும்போது வெளியே விட வேண்டும். காலையும் மாலையும், சில வாரங்கள். பதிவு தானாகவே ஒரு பயிற்சியாளருக்குப் போகும். வாரம் ஒரு முறை அந்த அம்மா உங்களோடு பேசுவார்.

மாத்திரை இல்லை, ஊசி இல்லை. உட்கார்ந்து மூச்சு விடுவது மட்டும்தான். தயவுசெய்து செய்யுங்கள்.

குட்டி

பிப்ரவரி 22

மகளுக்கு,

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். மூச்சு விட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்த அன்றைக்கே கற்றுக்கொண்டு அழுதுவிட்டேன்.

இருந்தாலும் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறாயே என்று ஒரு தடவை மாட்டினேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் மாதிரி மூக்கில் குழாய். உன் அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். கண்ணாடியில் நானும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் ஆரம்பித்தது. அதோடு போகப் போக, அது மெதுவாகிக்கொண்டே போனது. மூச்சு முட்டுகிறவனிடம் இன்னும் கம்மியாக விடு, இன்னும் மெதுவாக விடு என்கிறது. தாகத்தில் இருப்பவன் கையிலிருந்து தண்ணீரைப் பிடுங்குகிற மாதிரி. கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு இறுகியது. பிடுங்கி எறிந்துவிட்டு ஜன்னலுக்குப் போய் ஆசைதீர இழுத்தேன். இழுக்க இழுக்கத் தலை சுற்றியது. இது வைத்தியமா, தண்டனையா?

அலமாரியில் போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பத்தான் இருந்தேன்.

ஆனால் இன்ஜினியர் ஸ்டோருக்கு வந்தார். நீ பார்சல் அனுப்பினதை அவரிடமும் சொல்லியிருக்கிறாய். அவரும் உனக்குத் தகவல் துறை போலிருக்கிறது. "அந்தப் பயிற்சிய முடிச்சு, அவங்ககிட்ட ஒரு தாள் வாங்கிட்டு வாங்க. டாக்டரும் சரின்னா ஒரு நாள் மேல ஏத்திப் பாக்கறேன்" என்றார். புதிதாக வந்தவன் ஒரு செங்கல் அடுக்கை இடித்துத் தள்ளிவிட்டானாம், அதனால் வந்த மரியாதை.

ஆகவே பயிற்சி நடக்கும். உனக்காக அல்ல, டாக்டருக்காகவும் அல்ல. என் கேபினுக்காக. இதில் குழப்பம் வேண்டாம்.

அப்பா

மார்ச் 1

அப்பாவுக்கு,

நீங்கள் ஒப்புக்கொண்டதே போதும். யாருக்காக என்பது எனக்கு முக்கியமில்லை.

தலை சுற்றியது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். உங்களுக்குக் காற்று குறையவில்லை. அதிகமாகிவிடுகிறது. பயத்தில் பெரிது பெரிதாக இழுத்து விடும்போது உடம்பில் இருக்க வேண்டிய கரியமில வாயுவும் வெளியே போய்விடுகிறது. அதனால்தான் விரல் மரப்பது, தலை சுற்றுவது, நெஞ்சு இறுகுவது. அது வந்ததும் மூச்சு போதவில்லை என்று இன்னும் இழுக்கிறீர்கள். இன்னும் போகிறது. மெதுவாக விடும்போது முதலில் முட்டுகிற மாதிரித்தான் இருக்குமாம். பல நாளாக அதிகமாகவே விட்டுப் பழகிய உடம்பு அப்படித்தான் சண்டை போடுமாம். ஆபத்தில்லை, விடாமல் செய்தால் அடங்கிவிடும் என்றார்.

இதைக் கேட்டதும் அந்த நாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. வீட்டில் உங்களுக்கு வந்தபோது அம்மா போனை உங்கள் காதில் வைத்தாள். நான்தான், "நல்லா இழுத்து விடுங்கப்பா, நல்லா இழுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

இனி இழுக்க வேண்டாம். முட்டினால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பிடுங்கி எறியாதீர்கள், குழாய் ஒன்றுதான் இருக்கிறது.

குட்டி

மார்ச் 16

மகளுக்கு,

பயிற்சி ஒழுங்காக நடக்கிறது. மூச்சு டீச்சர் பேசினாள். என் எண் சரியான இடத்தில் நிற்கிறதாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் வாரம் கஷ்டமாக இருக்குமாம், எனக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடுகிறதாம். "இதுக்கு முன்னாடி எங்கயாவது பழகியிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்தே விட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். சிரித்தாள். நல்ல பெண். உன்னைப் போலக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

எனக்கு ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். இப்போது மெஷினே சொல்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் பெரிதுபடுத்திவிட்டார்கள்.

ஸ்டோர் அப்படியேதான் இருக்கிறது. நேற்று அளவு சரியில்லை என்று ஒருவன் ஹெல்மெட்டை மாற்றி மாற்றிக் கேட்டான். தலையை மாற்றிக்கொண்டு வா என்றேன். உட்கார்ந்தே இருப்பது எனக்கு ஆகவில்லை. எழுந்து நடக்கிறேன், மறுபடி உட்காருகிறேன், ஜன்னலைப் பார்க்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் கூட்டம் ஆகவில்லை, இறங்கி நடந்து வருகிறேன். அது நடைப்பயிற்சி. வேறு ஒன்றும் இல்லை.

உன் அம்மாவுக்கு வரவர சோம்பல். முன்பெல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இது ஏன், அது ஏன் என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவாள். இப்போது ஜன்னல் ஓரம் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் கேட்டால் ஆடி அசைந்து எழுந்திருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள் வேறு.

பயிற்சி இந்த மாதக் கடைசியில் முடிகிறது. தாள் வந்ததும் ஏப்ரல் முதல் திங்கட்கிழமை என்னை மேலே ஏற்றுவதாக இன்ஜினியர் சொல்லிவிட்டார். சிக்னல்காரன் இப்போதே எல்லாரிடமும் சொல்லித் திரிகிறான்.

அப்பா

மார்ச் 23

அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள், "அந்தக் குழா மூக்கு ஓரத்துல அரிக்குதுடி, எண்ணெய் தடவலாமா?" என்று கேட்டாள். தடவக்கூடாதும்மா என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யார் மூக்கு?

திரும்பக் கூப்பிட்டேன். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரம் அடுப்பைப் பற்றிப் பேசினாள். பிறகு சொல்லிவிட்டாள். முதல் நாளுக்குப் பிறகு நீங்கள் ஒரு தடவைகூட அதை மாட்டவில்லை. "சும்மா உக்காந்து மூச்சு விடறதுதானே, நீயே விட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். காலையும் மாலையும் அவள்தான் விடுகிறாள். டீச்சர் பாராட்டியது அம்மாவை. மெஷின் சரி என்று சொன்னது அம்மாவின் நெஞ்சை.

அப்பா, எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் பக்கத்து நாற்காலிக்காரி என்ன என்று கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை மேலே ஏறப்போவது யார்? நீங்கள். அம்மா மூச்சு நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏறுவீர்கள். பாரம் அந்தரத்தில் தொங்கும்போது உங்களுக்கு மறுபடி வரும். பஸ்ஸில் நிற்க முடியாமல் இறங்கி நடக்கிறீர்களே, அது நடைப்பயிற்சி இல்லை என்று எனக்குத் தெரியாதா?

நீங்களே இன்ஜினியரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். மெஷினை இன்னும் வைத்துக்கொள்ள நான் ஏற்பாடு செய்கிறேன்.

குட்டி

மார்ச் 28

மகளுக்கு,

தாள் வந்துவிட்டது. டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். சொன்னபடி ஏப்ரல் முதல் திங்கட்கிழமை ஏறுகிறேன்.

நீ இன்னொரு தடவை என் சைட்டுக்குப் போன் செய்தால், எனக்கு மகள் இல்லை என்று வைத்துக்கொள்வேன். உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பானால் சண்டைக்கு வருவாள். இப்போது வருவதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா

ஏப்ரல் 1

அப்பாவுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஏறும் நாளுக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். விசாரித்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்பதுதானே என்மீது குற்றம்? இந்தத் தடவை தெரியவே செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காத்திருப்பேன். நீங்கள் சொல்லாவிட்டால், திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும் நேரத்துக்கு இன்ஜினியருக்குப் போன் செய்து, அந்தப் பதிவு உங்களுடையது அல்ல என்று சொல்வேன். ஒளிவுமறைவு இல்லை. நாளும் நேரமும் எழுதிவிட்டேன்.

மகள் இல்லை என்று வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வேலைக்கு நடுவே நினைத்துக்கொண்டேன். ஒருவர் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார், மறுபடி கேட்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு இதுவரை அப்படி ஆனதில்லை. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்பா வேண்டும். கேபினிலோ ஸ்டோரிலோ, எங்காவது உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருக்கிற அப்பா வேண்டும்.

இன்னொன்று. அம்மாவிடம் அது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். முதல் சில நாள் அவளுக்கும் முட்டியதாம். விடாமல் உட்கார்ந்தாளாம். டீச்சரிடம் அதைச் சொல்ல முடியாதே, பேசுவது நீங்கள்தானே. "எப்படிம்மா உட்கார்ந்தே?" என்றேன். "உங்கப்பாவுக்கு முட்டறப்போ இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்தேன்" என்றாள்.

குட்டி

ஏப்ரல் 9

குட்டிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்துவிட்டுக் கிழித்தேன். பிறகு துண்டுகளைச் சேர்த்து வைத்து இன்னொரு தடவை படித்தேன். எரிச்சல் குறையவில்லை.

சனிக்கிழமை எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. மேலே ஏறப்போகிறவனுக்குத் தூரப்பார்வை தெளிவாக இருக்க வேண்டும். உன் அம்மாவும் வருகிறேன் என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். நடுவில் இறங்கலாம் என்றால் பஸ் மேம்பாலத்தில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி பழுது. பாலத்துக்கு நடுவில் கதவைத் திறக்க மாட்டேன் என்றான் டிரைவர். அவன் சொன்னது சட்டப்படி சரிதான். எனக்குத்தான் சரியில்லை.

வந்துவிட்டது. கேபினில் வந்ததைவிட மோசம். அங்கே கையில் லீவர் இருந்தது, செய்ய ஒரு வேலை இருந்தது. இங்கே ஒருவன் முழங்கையும் இன்னொருத்தி பையும்தான். சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டேன். வாயைத் திறந்து இழு இழு என்று இழுக்கிறேன். பக்கத்தில் நின்றவர், "நல்லா இழுத்து விடுங்க ஐயா, நல்லா ஆழமா" என்கிறார். உன் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. இழுக்கச் சொல்லித்தான் இந்த மனுஷன் இந்தக் கதிக்கு வந்திருக்காரு" என்றாள். இவ்வளவு காலத்தில் அவள் வெளியாட்களிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

பிறகு என் கையை எடுத்துத் தன் விலாவில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில், அத்தனை பேருக்கு நடுவில். வாயை மூடிக்கொண்டு அந்த மெஷின் சத்தத்தைப் போட ஆரம்பித்தாள். உம்ம்ம் என்று ஏறுகிறது, உம்ம்ம்ம்ம் என்று இறங்குகிறது. அச்சு அசலாக அதே சத்தம். எனக்கு மானம் போகிறது. சாகிற நேரத்திலும் மானம் போகிறது என்று தோன்றியது பார். "இழுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் கம்மியா. காத்து போதும், நெறைய இருக்கு. எங்கூட வாங்க" என்றாள். முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். "எனக்கும் முடியலதான். அப்பறம் முடிஞ்சுது" என்றாள்.

ஒன்று எழுதுகிறேன். கிரேனில் பாரம் ஆட ஆரம்பித்தால், புதியவன் என்ன செய்வான் தெரியுமா? பயந்து எதிர்ப்பக்கம் இழுப்பான். ஆட்டம் இன்னும் கூடும். தெரிந்தவன், பாரம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொஞ்சம் கூடப் போவான். கிரேனின் கை பாரத்தின் தலைக்கு நேர் மேலே போய் நின்றதும் ஆட்டம் அடங்கிவிடும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. பாலத்தின் மேல் உன் அம்மா எனக்கு அதைத்தான் செய்தாள். நான் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் விலா என் கைக்குக் கீழே கொஞ்சமாக ஏறி, கொஞ்சமாக இறங்கியது. அதோடு போனேன். முட்டியது. முட்டட்டும் என்று போனேன். லாரியை அப்புறப்படுத்தி பஸ் நகர்ந்தபோது எனக்கு விரல் திரும்ப வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆள் மட்டும், "அம்மா என்ன, டாக்டரா?" என்று கேட்டார். "இல்லீங்க, இவரோட மூச்ச நான் விடறேன்" என்று சொன்னாள். அவருக்கு என்ன புரிந்ததோ, நகர்ந்து நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்து நான் கேட்டேன், இத்தனை நாள் எனக்குப் பதிலாக உட்கார்ந்தாயே, உனக்கு ஏன் கோபம் வரவில்லை என்று. "நீங்க மேல ஏறின நாள்லேருந்து நான் ஒழுங்கா மூச்சு விட்டதே இல்ல. இந்த மெஷின் வந்துதான் விட்டேன்" என்றாள். காய்கறியை நறுக்கிக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை சீக்கிரமே போனேன். சிக்னல்காரன் வாசலில் கையைத் தட்டினான். அவனை ஒதுக்கிவிட்டு இன்ஜினியர் அறைக்குப் போய்த் தாளை மேஜையில் வைத்தேன். "சார், இதுல இருக்கற மூச்சு என் பொண்டாட்டியோடது" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். முழுவதும் சொன்னேன். பஸ்ஸையும் சொன்னேன். உம் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை.

அப்போது அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு" என்றார். மணி சரியாகத்தான் இருந்தது. எழுதின நேரம் தவறாமல் அடித்தாய். "எடுங்க சார். நான் சொன்னதத்தான் அவளும் சொல்வா" என்றேன். எடுத்தார். "உங்கப்பா என் எதிர்லதாம்மா இருக்காரு, எல்லாம் சொல்லிட்டாரு" என்றார். அவர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டார். போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. சபதம் சபதம்தான். ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது, நீ மூச்சு விடுகிற சத்தம். மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தாய். உனக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்தேன்.

நீ முதலில் செய்தது தப்புதான். அது மாறவில்லை, மாறாது. இரண்டாவது செய்தது தப்பில்லை. இதை எழுதியதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இனி நடக்க வேண்டியவை கீழே. யாரும் எதையும் மாற்றக்கூடாது.

நான்: பயிற்சியை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். என் மூக்கில், என் மூச்சில். எண் கீழேதான் கிடக்கிறது. முட்டுகிறது. பிடுங்கி எறியவில்லை. அது ஏறும் வரை கேபின் பேச்சை எடுக்கமாட்டேன். ஹெல்மெட் கொடுப்பேன்.

இன்ஜினியர்: என் இடத்தை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கக்கூடாது. ஒப்புக்கொண்டார். பொய்த் தாள் கொண்டுவந்ததற்காகத் திட்டவும் செய்தார். இரண்டும் நியாயம்.

புதிதாக வந்தவன்: மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்கு வந்து, பாரத்தின் ஆட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லி அனுப்பியிருக்கிறேன். வராவிட்டால் நானே போவேன்.

டீச்சர்: அவளிடம் நானே பேசிவிட்டேன். இனி வாரம் ஒருமுறை என்னோடும் பேச வேண்டும், உன் அம்மாவோடும் பேச வேண்டும். அவள் கேட்க நினைத்ததெல்லாம் கேட்கட்டும்.

உன் அம்மா: நான் குழாயை மாட்டிக்கொண்டு உட்காரும்போது எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும். சத்தம் போட வேண்டாம், மெஷின் போடும். உட்கார்ந்தால் போதும்.

நீ: மெஷின் வாடகையை நீட்டிக்க வேண்டும். அடுத்த விடுமுறையில் வந்து, என் ஸ்டோர் ஜன்னலில் வரிசையில் நின்று, ஒரு ஹெல்மெட் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவின் வேலை எது என்று பார்த்துவிட்டுப் போ. அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் பயிற்சியில் இருக்கிற நேரத்தில் போன் செய். உன் அம்மா எடுத்து என் பக்கத்தில் வைப்பாள். நான் பேசமாட்டேன். வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டிரு. ஊரார் மூச்சையெல்லாம் கேட்கிறாயே, இதையும் கேள். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பயந்து ஆம்புலன்ஸ் அனுப்பாதே. அவ்வளவு சின்னதாக விடுகிறேன் என்று அர்த்தம்.

அப்பா